விலாங்கு போன வழி

நவம்பர் 9

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டியவன் எழுதுவது. என் குரல் உங்கள் காதிலும் உங்கள் குரல் என் காதிலும் இனி விழக் கூடாது என்று, நாங்கள் ஏரிக்கரைக்குக் கீழே இந்த வீட்டில் குடிபுகுந்த அன்று இலையின் முன்னாலிருந்து எழுந்து நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. அதை மீறும் எண்ணமில்லை. ஆனால் கடிதத்துக்குக் குரல் கிடையாது. ஆகவே இதை வாசிப்பதால் உங்கள் சத்தியத்துக்கு ஒரு குறையும் வராது என்று, மருந்துக் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நிதானமாக யோசித்து முடிவுக்கு வந்தேன்.

இது குடும்பக் கடிதம் அல்ல. உங்கள் தொழில் பற்றிய ஒரு சந்தேகம். அவ்வளவுதான்.

நீங்கள் அச்சில் ஊற்றிச் செய்யும் ரப்பர் இரைகள் ஒரு டப்பா நிறைய எங்கள் அலமாரி மேல் கிடந்தன. உங்கள் தங்கை பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தவற்றில் சமையலுக்கு உதவாதது அது ஒன்றுதான். இந்த வருடம் ஏரி விளிம்புவரை நிறைந்திருப்பதால், கடை திறக்கும் முன் நானும் தூண்டிலோடு கரையில் உட்கார்ந்து பழகினேன். மற்றவர்கள் மண்புழு போடுகிறார்கள். நான் உங்கள் கடல் இறாலைக் கோத்துப் போட்டேன். “என்ன சார், மீனுக்குக் காய்ச்சலா? மாத்திரை போடுறீங்க?” என்று தையல்காரர் கேட்டார். ஒரு விரால் ஏறியதும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

என் சந்தேகம் இதுதான். கடலுக்கென்று செய்த இரை ஏரித் தண்ணீரில் மூழ்குமா, மிதக்குமா? தூண்டில் நரம்பு அறுந்து தனியாகப் போய்விட்டால் அது தானாக எவ்வளவு தூரம் போகும்? மீன் வடிவ இரையின் வால் தானாக ஆடுமா, தண்ணீர் ஓடினால்தான் ஆடுமா? வெறும் ஆர்வத்தினால் கேட்கிறேன்.

போன வாரம் ஆரஞ்சு நிற இறால் ஒன்று நரம்பு அறுந்து ஏரியோடு போய்விட்டது. நல்ல வேலைப்பாடு. வயிற்றுப் பக்கம் உங்கள் கட்டைவிரல் ரேகைகூடப் பதிந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் தங்கை நலம்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


நவம்பர் 14

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் வந்தது. மனதுக்குள் படித்தேன். வாய்விட்டுப் படித்தால் உங்கள் குரல் வந்துவிடும்.

நீங்கள் கேட்டது தொழில் என்பதால் பதில். கடல் தண்ணீர் கனமானது. எதையும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். ஏரித் தண்ணீர் கைவிட்டுவிடும். அதோடு என் இரையில் உப்புத்தூள் கலந்திருக்கிறது, கவ்விய மீன் உடனே துப்பாமல் இருக்க. அந்த உப்பும் கனம். ஆகையால் கடலில் இலை மாதிரி இறங்குவது உங்கள் ஏரியில் கல் மாதிரி இறங்கும். நரம்பில் கட்டும் ஈயத்தைப் பாதியாகக் குறையுங்கள். தெளிந்த தண்ணீருக்கு வெளிர் நிறம், கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பு அல்லது ஊதா. வேறு கடையில் வாங்கிய ரப்பர் இரையோடு ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். இரண்டு வகை ரப்பர் நாள்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் இரண்டும் இளகி, எது எதுவென்று தெரியாமல் போய்விடும். சம்பந்தி வீடு மாதிரி.

ஏரி மீனுக்குக் கடல் இறாலை அடையாளம் தெரியுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மீன் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆடுகிறதா, வாய்க்குள் நுழையுமா, இரண்டே கேள்விதான் அதற்கு.

வால் தானாக ஆடாது. நின்ற தண்ணீரில் செத்ததுபோல் கிடக்கும். ஓர் ஆள் நிதானமாக நடக்கிற வேகத்துக்குத் தண்ணீர் ஓடினால்தான் என் வால் ஆடும். அதற்காகத்தான் அந்த இடத்தில் அவ்வளவு மெல்லிசாக ஊற்றுகிறேன்.

தொழில் முடிந்தது. இப்போது ஒரு சந்தேகம் எனக்கு. இறால் ஏரியோடு போய்விட்டது என்று எழுதுகிறீர்கள். நாலு வரி தள்ளி அதே இறாலைக் கையில் வைத்துப் பார்க்கிறேன் என்று எழுதுகிறீர்கள். மருந்துக் கடையில் மாத்திரையும் இப்படித்தான் எடுத்துக் கொடுக்கிறீர்களா? போனது எப்படித் திரும்பி வந்தது? மீன் கொண்டுவந்து கொடுத்ததா?

“தலைக்கு மேல தண்ணிய வச்சுக்கிட்டு எப்படித் தூங்குவீங்க?” என்று அன்றைக்கு உங்கள் கொல்லையில் நின்று நான் கேட்டேன். “கடலைப் பார்த்துப் பயந்தவங்களுக்கு டம்ளர் தண்ணியும் பயம்தான் மச்சான்” என்று பந்தியே சிரிக்கும்படி சொன்னீர்கள். நான் மறக்கவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தண்ணீர் ஓடுகிறதா என்று ஏன் கேட்டீர்கள்? ஏரி எங்கே ஓடும்?

மச்சான்


நவம்பர் 19

மச்சானுக்கு,

பெரிதாக ஒன்றுமில்லை. அப்படித்தான் ஏரி இன்ஜினியரும் சொல்கிறார்.

கரையில் பழைய கல்தூண் ஒன்று நிற்கும் இடத்துக்கு நேராக, தண்ணீரின் மேல் ஒரு சின்னச் சுழிப்பு இருக்கிறது. அளவு ஒரு தேநீர்க் கோப்பை. கைகழுவும் தொட்டியில் தண்ணீர் இறங்கும்போது வருமே, அப்படி. பெரிய மீன் ஏதோ அடியில் கிடந்து புரள்கிறது என்று நினைத்து ஆரஞ்சு இறாலை அதில் போட்டேன். நல்ல இழுப்பு. மீன் இழுத்தால் விட்டு விட்டு இழுக்கும். இது விடவே இல்லை. நரம்பு ஏதோ கல்லில் உரசி அறுந்தது.

மூன்று நாள் கழித்து எங்கள் கொல்லைச் சுவரை ஒட்டிய கால்வாயில் இலை தழை அள்ளும்போது அந்த இறால் என் கையில் வந்தது. முள் இல்லை. உங்கள் ரேகை இருந்தது. நான் போட்டது கரைக்கு அந்தப் பக்கம். கிடைத்தது இந்தப் பக்கம். நடுவில் கரை இருக்கிறது. இருக்க வேண்டும்.

கரை முனையில் இன்ஜினியருக்கு ஓர் அறையும், அறைக்கு ஒரு மின்விசிறியும் உண்டு. இறாலைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். திருப்பிப் பார்த்தார். “காக்கா தூக்கிட்டு வந்து போட்டிருக்கும் சார்” என்றார்.

“காக்கா ரப்பர் தின்னுமா சார்?”

“ஏமாந்திருக்கும். மீனே ஏமாறுதே.”

அவரும் தூண்டில் போடுகிறவர்தான். இறாலை எங்கே வாங்கினேன் என்று விசாரித்து, வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். கொடுக்கவில்லை.

காக்கா இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். அதற்கு இந்த ஊரில் எவரிடமும் இல்லாத நிறத்தில் இரை வேண்டும். முள் வேண்டாம், ஈயம் வேண்டாம். அடியில் போய்க் கிடக்காமலும் மேலே மிதக்காமலும் தண்ணீர் போகிற இடத்துக்குப் போக வேண்டும். இரண்டு மூன்று அளவுகளில் செய்து தர முடியுமா?

கொல்லைப் படி இப்போதெல்லாம் ஈரமாகவே இருக்கிறது. மழை நின்று நாளாகிவிட்டது. இரவில் தலையணையில் காதை வைத்தால் ஏதோ கேட்கிறது. இந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் கேட்கிறது. என் ரத்த ஓட்டமாக இருக்கலாம். அழுத்தம் பார்த்தேன், கூடத்தான் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். நீங்கள் சொல்லக் காத்திருக்கும் அந்த ஒரு வாக்கியத்தைத் தயவுசெய்து எழுத வேண்டாம். உங்கள் தங்கையிடம் இதைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை. அவள் நலம். அதிகம் நடமாடுவதில்லை.

மாப்பிள்ளை


நவம்பர் 23

மாப்பிள்ளை,

எழுதவில்லை. எழுதும் நிலையில் நான் இல்லை.

இத்துடன் மூன்று இரை. ஊதா உடம்பு, மஞ்சள் வயிறு. இப்படி ஒரு நிறத்தைக் கண் உள்ளவன் எவனும் வாங்க மாட்டான், ஆகவே எவனிடமும் இருக்காது. முதலாவது இறால், கட்டைவிரல் அளவு. இரண்டாவது அகல வால் மீன், உள்ளங்கை நீளம். மூன்றாவது விலாங்கு, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வரும், கனம் என் மணிக்கட்டு. உப்புப் போடவில்லை. ஊற்றும்போதே உள்ளே காற்றுக் குமிழி விட்டிருக்கிறேன். இத்தனை வருடத் தொழிலில் இரையைக் குழாய்த் தண்ணீர் வாளியில் விட்டுப் பார்த்தது இதுதான் முதல் தடவை. பாதி ஆழத்தில் நிற்கிறது. எந்தப் பக்கம் இழுத்தாலும் போகும்.

சின்னதை முதலில் விடுங்கள். அது வந்தால் அடுத்தது. எது எது வருகிறது என்பது மட்டும் போதாது. வெளியே வரும்போது மீனின் வால் ஆடுகிறதா என்று பாருங்கள். கால்வாய்த் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலா என்றும் பாருங்கள். தெளிந்த கசிவில் வருவது வெறும் தண்ணீர். கலங்கிய கசிவு கரையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறது. இங்கே துறைமுகத்துத் தடுப்புச் சுவர் அப்படித்தான் போனது. தெளிவாக இருக்கிறவரை ஒருவரும் கவனிக்கவில்லை. கலங்கின பிறகு கவனிக்க நேரமில்லை. இரண்டு படகும் ஓர் ஐஸ் கிடங்கும் அதோடு போயின. பயப்பட வேண்டாம், என் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற கடல் தடுப்புச் சுவர் உறுதியானது. துறைமுக அலுவலகத்தில் எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

விலாங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது என்னிடம் இருப்பதிலேயே பெரிய அச்சு. அதுவும் உள்ளே போய் வெளியே வந்துவிட்டால், அதற்கு மேல் அனுப்பிப் பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை.

தங்கச்சி பாப்பா ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். பேசிக்கொண்டே நகர்ந்தாள் போலிருக்கிறது, டொக் டொக் என்று ஒரு சத்தம். என்னவென்று கேட்டேன். “தச்சர் வந்திருக்கார் அண்ணா” என்றாள். ஞாயிற்றுக்கிழமை எந்தத் தச்சர் வருகிறார்? அவள் நின்றால் அவரும் நிறுத்துகிறாரே, அது எப்படி?

அவள் ஏன் அதிகம் நடமாடுவதில்லை?

மச்சான்


நவம்பர் 29

மச்சானுக்கு,

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

இறாலைச் சுழிப்பில் விட்டேன். உடனே காணாமல் போனது. கரையிலிருந்து இறங்கி, தெருவைச் சுற்றி, வீட்டுக்குள் புகுந்து, கொல்லைக் கால்வாய்க்கு ஓடினேன். எனக்கு முன்பே அது வந்து கிடந்தது. ஊதா உடம்பு, மஞ்சள் வயிறு. இந்த நிறத்தில் காக்கா எங்கேயும் பொறுக்கியிருக்க முடியாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வெற்றி பெற்றவன் போல ஒரு நிமிடம் நின்றேன். என்ன வெற்றி என்று புரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மீன். தையல்காரரைக் கரைமேல் நிறுத்தி, நான் கையசைத்ததும் விடச் சொல்லிவிட்டுக் கால்வாயோரம் காத்திருந்தேன். கால்வாய்ச் சுவரில் இரண்டு கற்களுக்கு நடுவே மண் ஊறிப்போன இடம் ஒன்று உண்டு. அங்கிருந்துதான் முதலில் தலை வந்தது. பிறகு உடம்பு. பிறகு வால்.

ஆடியது, மச்சான். உயிருள்ளது போல ஆடிக்கொண்டே என் காலைக் கடந்து போனது. அதைப் பிடிக்கக் குனிந்தேன், கை வரவில்லை. உங்கள் கைவேலையைப் பார்த்து இப்படிப் பயந்த ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

தண்ணீர் பால் விடாத தேநீர் நிறம். முந்தின நாள் தெளிவாக இருந்தது.

சுழிப்பு இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு. விலாங்கை விடவில்லை. துணியில் சுற்றி மருந்துக் கடையில், தூக்க மாத்திரைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அது வந்துவிட்டால் என்ன செய்வது என்று தெரியாதவரை அதை விடுவதில் அர்த்தமில்லை.

இறாலையும், பிறகு கால்வாய்த் தழையில் சிக்கிக் கிடந்த மீனையும் இன்ஜினியரிடம் கொண்டுபோனேன். வரைபடத்தை விரித்தார். கரையின் குறுக்கே எந்த வழியும் அதில் இல்லை. “பாருங்க சார், ஓட்டை இருந்தா வரைஞ்சிருப்பாங்க இல்ல?” என்றார். கரை கட்டியவர்கள் வரைந்ததா, பிறகு வந்தவர்கள் வரைந்ததா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குத் தனி மனு வேண்டுமாம். கல்தூணைப் பற்றியும் கேட்டேன். எல்லைக் கல்லாக இருக்கும் என்றார். எதற்கு எல்லை என்று அவருக்கும் தெரியவில்லை.

தெருவில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தனக்கு நீச்சல் தெரியும் என்றார். எதிர்வீட்டுக்காரர், “இதை வெளியில பேசாதீங்க சார், மாடிக்கு ஆள் தேடிட்டிருக்கேன்” என்றார். தையல்காரர் மிஷினைப் பரண்மேல் ஏற்ற ஒரு கை கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவர் வீட்டுப் பரணின் உயரம் என் தோள்வரைதான்.

நீங்கள் கேட்ட மற்றதற்கு வருகிறேன். தச்சர் யாரும் வரவில்லை. அது அவள் ஊன்றுகோல். போன மாதம் கொல்லைப் படியில் வழுக்கி விழுந்து வலது காலில் எலும்பு முறிந்தது. இடுப்புவரை மாவுக்கட்டு. மாடி ஏற முடியாது என்பதால் கீழ் அறையில், கொல்லைப் பக்கச் சுவரை ஒட்டிக் கட்டில் போட்டிருக்கிறோம். மழையில்லாத நாளில் படி ஏன் ஈரமாக இருந்தது என்று அன்றைக்கு நாங்கள் யோசிக்கவில்லை. சோப்புத் தண்ணீர் என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம்.

உங்களிடம் சொல்லக் கூடாது என்றது அவள்தான். இப்போது எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றதும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “போனதும் வாசல்லயே நின்னு ‘நான் அப்பவே சொன்னேனே’ன்னு சொல்லுவான். அதைக் கேட்கறதுக்கு இங்கேயே கிடக்கேன்” என்கிறாள்.

அந்தச் சுவரில் நேற்று கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருக்கிறது.

மாப்பிள்ளை


டிசம்பர் 1

மாப்பிள்ளை,

வேன் பேசிவிட்டேன். பின் இருக்கையைக் கழற்றி மெத்தை போட்டாயிற்று. இந்தக் கடிதம் பஸ் பார்சலில் எனக்கு ஒருநாள் முன்னால் வரும். நான் வருவதை அவளிடம் சொல்லாதீர்கள். சொன்னால் கட்டிலைப் பிடித்துக்கொள்வாள், சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

விலாங்கு இருக்கட்டும். அதை நீங்கள் விட வேண்டாம். இன்ஜினியருக்குத் தூண்டில் பைத்தியம் என்று எழுதியிருந்தீர்கள். இந்த இடத்தில் மலைப்பாம்பு மாதிரி ஒன்று கிடக்கிறது, என் நரம்பு தாங்கவில்லை, உங்கள் தூண்டில் ரீல் பெரியது என்று சொல்லுங்கள். விலாங்கை அவர் நரம்பில் நீங்களே கட்டுங்கள். முள் வைக்காதீர்கள். ரீலை அவர் பிடிக்கட்டும்.

கையில் பிடித்தால்தான் சிலருக்குக் கண் தெரியும்.

அவளைக் கட்டில் மாற்றியாவது போடுங்கள். நான் வந்துகொண்டே இருக்கிறேன்.

மச்சான்


டிசம்பர் 8

மச்சானுக்கு,

இதை மேட்டுப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். முழங்கால் மேசைக்கடியில் நுழையவில்லை. தெரு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

என் வாசலில் வந்து நின்று, அவள் காலைப் பார்த்து, என்னைப் பார்த்து, நீங்கள் சொன்ன வார்த்தை “தூக்குங்க” என்பது. சத்தியம் அந்த ஒரு வார்த்தையோடு முறிந்தது. அதைச் சுட்டிக்காட்ட வேண்டாம் என்று அப்போது விட்டுவிட்டேன். நாற்காலியோடு தூக்கும்போது அவள் நம் இரண்டு பேரையும் சமமாகத் திட்டினாள். வேன் திரும்பியதும் வீட்டுக்குள் வந்தேன். கீழ் அறையில் அவள் குரல் இல்லாதபோது அந்தச் சத்தம் சுவருக்குள் நன்றாகவே கேட்டது. அது என் ரத்த ஓட்டம் இல்லை.

மறுநாள் விடிந்ததும் இன்ஜினியர் வந்தார். தொப்பி, புது ரீல், உட்கார மடக்கு நாற்காலி. விலாங்கைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “இந்த சைஸ் இரையை முழுங்கற மீன் இங்க இருக்கா?” என்றார். இருக்கிறது என்றேன். அது பொய் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

கல்தூணுக்கு நேரே வீசினார். சுழிப்பு அதை உடனே உள்ளே இழுத்தது. ரீல் கத்த ஆரம்பித்தது. அவர் எழுந்துவிட்டார், நாற்காலி சரிந்து உருண்டது. “சார், பெரிய உருப்படி! விடாம இழுக்குது!” என்று குழந்தை போலக் கூவினார். பார்க்க ஆள் கூடிவிட்டது. தையல்காரர் “விடாதீங்க சார், விடாதீங்க” என்று ஊக்கம் கொடுத்தார். நரம்பு போய்க்கொண்டே இருந்தது. பிறகு சட்டென்று நின்றது. ஆனால் தளரவில்லை. விறைப்பாகவே நின்று, கம்பு நுனி மட்டும் தட் தட் தட் என்று ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருந்தது.

“களைச்சுப்போச்சு” என்றார் இன்ஜினியர்.

“சார், கம்பைத் தையல்காரர்கிட்ட குடுத்துட்டு என்கூடக் கொஞ்சம் கீழ வர்றீங்களா?” என்றேன்.

கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார். கரைக்கு மேலே மனித அரவம். கீழே எங்கள் கொல்லையில் யாருமில்லை. கால்வாய்ச் சுவரில் இரண்டு கல் இருந்த இடத்தில் இப்போது கல்லே இல்லை. செம்மண் குழம்பு ஒரு கை அகலத்துக்குப் பீறிட்டுக்கொண்டிருந்தது. அதன் நடுவிலிருந்து அவருடைய மஞ்சள் நரம்பு விறைப்பாக வெளியே நீண்டிருந்தது. நரம்பின் முனையில் உங்கள் விலாங்கு. தண்ணீர் அதைத் தள்ளியது, நரம்பு அதைப் பிடித்து நிறுத்தியது. ஊதா வால் ஒரு நொடிகூட நிற்காமல் இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டே இருந்தது.

இன்ஜினியர் அதைப் பார்த்தார். கரையை அண்ணாந்து பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார். குனிந்து, விரலால் தன் நரம்பைச் சுண்டினார். மேலேயிருந்து தையல்காரர் கத்தினார்: “சார்! உயிரோட இருக்கு!”

அவர் ஓடினார், மச்சான். தொப்பி கால்வாயில் விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. மதகுகளைத் திறக்க மேலிடத்து உத்தரவு வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர், எவரிடமும் கேட்காமல் தன் கையாலேயே எல்லா மதகையும் திறந்தார். பிறகு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். நீச்சல் தெரிந்த பெரியவர் முதல் ஆளாகக் கிளம்பினார்.

ஏரி பாதிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் கரை உட்கார்ந்தது. பெரிய சத்தமில்லை. தூக்கம் வந்தவர் சாய்வது போலச் சாய்ந்தது. எங்கள் கொல்லை, படி, சமையலறை, கீழ் அறை, எதுவும் இல்லை. முன்வாசலும் மாடிப்படியும் மட்டும் நிற்கின்றன. அவள் கட்டிலின் ஒரு கால் தெருமுனையில் கிடைத்தது. நிறைந்த ஏரியாக இருந்திருந்தால், என்று இன்ஜினியர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

இப்போது ஏரி வற்றிய இடத்தில் இறங்கிப் பார்த்தார்கள். கல்தூணுக்கு அடியில், வரைபடம் வரைந்தவர்களுக்கும் முன்னால் கட்டிய பழைய மதகு ஒன்று. வாயை மரப்பலகையால் அடைத்து மறந்துவிட்டார்கள். பலகை இற்றுப்போயிருக்கிறது. உள்ளே ஓர் ஆள் குனிந்து நடக்கலாம். அலுவலகத்தின் இடைவிடாத கண்காணிப்பினால் பேரிடர் தவிர்க்கப்பட்டதாக அறிக்கை தயாராகிறது. இரையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் இன்ஜினியர் தனியாக வந்து, அந்த நிறத்தில் இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார். மீன் பிடிக்க இல்லையாம். அவர் பொறுப்பில் இன்னும் நான்கு ஏரிகள் இருக்கின்றனவாம்.

பகலில் பரவாயில்லை. படுத்தால்தான், அந்த வால்.

நீங்கள் அப்பவே சொன்னீர்கள். நானே எழுதிவிட்டேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம். மருந்துக் கடை மேட்டில் இருப்பதால் தப்பியது. அதை ஒழுங்கு செய்துவிட்டு அங்கே வரலாமா?

மாப்பிள்ளை


டிசம்பர் 13

மாப்பிள்ளை,

வரலாமாவாவது. பட்டறைக்கு மேல் அறையைச் சுத்தம் செய்தாயிற்று. ரப்பர் காய்ச்சுகிற வாடை வரும், பழகிவிடும். பாப்பா அதற்குள் என் அச்சுகளை எல்லாம் அளவு வாரியாக அடுக்கிவிட்டாள். இனி எனக்கு ஒன்றும் கிடைக்காது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை நான் இரண்டு வருடமாகத் தயாராக வைத்திருந்தேன். வேனில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எந்த வார்த்தையில் அழுத்தம் கொடுப்பது என்பதுவரை முடிவாகியிருந்தது. உங்கள் வாசலில் அவள் காலையும் அதற்குப் பின்னால் அந்தச் சுவரையும் பார்த்தேன். வாயில் வந்தது வேறு. இங்கே வந்து சேர்ந்த பிறகும் அவள் காத்திருந்தாள். சாப்பாடு போட்டேன், சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. “என்ன அண்ணா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள்.

இன்று காலை மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு பட்டறையின் பின்வாசலில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த இடத்தில் படியைக் கையால் தடவினாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

படி ஈரமாக இருந்தது.

சோப்புத் தண்ணீரா என்று கேட்டேன். இன்றைக்கு இன்னும் யாரும் துவைக்கவில்லை என்றாள். நக்கிப் பார்த்தேன். உப்பு. அலை தெறித்திருக்கும் என்றேன். அலை தெறித்தால் மேல்படியும் நனையும், கீழ்ப்படி மட்டும் எப்படி நனைந்தது என்றாள். துறைமுக அலுவலகம் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக் காட்டினேன். அதை வாங்கி நிதானமாகப் படித்து, மடித்து, என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

வெளியே போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். தண்ணீர் ஓர் இடத்தில் லேசாகத் திரும்புவது போலிருக்கிறது. நண்டாக இருக்கும்.

நீங்கள் வரும்போது அந்த ஊதா இறாலைக் கொண்டுவாருங்கள். கட்டைவிரல் அளவு, சின்னது. புதிதாக ஊற்ற அச்சு இருக்கிறது. ரப்பரும் காய்ச்சி வைத்தேன். ஊற்றத்தான் கை நிற்கவில்லை.

சீக்கிரம் வாருங்கள். வந்ததும் நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அதை விடுங்கள். நான் படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

மச்சான்